தங்கம் போன பிறகு மிஞ்சிய பாதைகள்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

கிராவல் பைக் என்று ஒரு வகை சைக்கிள் இப்போது பரவலாக வந்திருக்கிறது. பந்தய சைக்கிளைப் போல வளைந்த கைப்பிடி இருக்கும். டயர் மட்டும் தடிமன். சரளைக்கல், செம்மண், வண்டித்தடம் எல்லாவற்றிலும் ஓடும். ஐரோப்பாவில் இந்த சைக்கிள்காரர்கள் விரும்பிப் போகும் இடங்களில் மூடப்பட்ட சுரங்கப் பகுதிகளும் உண்டு. காரணம் எளிது. சுரங்கம் இருந்த இடத்தில் கனிமம் இழுத்த சிறு ரயில் பாதையும் இருந்திருக்கும். பாரம் இழுக்கப் போட்ட பாதை என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் ஏறும். சுரங்கம் மூடியதும் தண்டவாளத்தை எடுத்து விடுவார்கள். பாதை அப்படியே கிடக்கும். சைக்கிளுக்கு அதைவிட வசதியான வழி ஏது?

பெங்களூரில் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இப்படி இரண்டு சைக்கிள் இருக்கிறது. "சார், கோலார் தங்கவயலைச் சுற்றி வரலாமா?" என்று ஒரு நாள் போன் செய்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன் நான், மறுக்கவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வேலூர்ப் பக்கம் "கோலாருக்குப் போனவர்" ஒருவராவது இல்லாத ஊர் குறைவு.

பங்காரப்பேட்டையில் சேர்ந்து கொண்டோம். அங்கிருந்து மாரிக்குப்பம் வரை ஒரு கிளை ரயில் பாதை போகிறது. 1894-ல் சுரங்கத்துக்காகவே போட்டது. இன்றும் அதில் பயணிகள் ரயில் ஓடுகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இவையெல்லாம் சுரங்கங்களை ஒட்டி வந்த பெயர்கள். அந்தப் பாதையை ஒட்டியே மிதித்தோம். செம்மண், கரும்பாறை, முள்மரம், நடுநடுவே ஏரிகள். கண்ணுக்குக் குளிர்ச்சியான வழிதான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். 1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி மைசூர் எல்லையை அளக்க வந்தார். இங்கே மண்ணில் தங்கம் கிடைப்பதாகக் கேள்விப்பட்டு, கொண்டுவந்து காட்டுகிறவர்களுக்கு வெகுமதி என்று அறிவித்தார். ஊர் மக்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் எதிரே கழுவித் தங்கப்பொடியைக் காட்டினார்கள். மாரிக்குப்பம் பக்கம் பழைய குழிகளில் மக்கள் இறங்கித் தோண்டுவதையும் அவர் பார்த்தார். அதாவது வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே நம் ஆட்களுக்கு இந்த மண் தெரியும்.

1873-ல் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். பெரிய அளவில் தோண்ட அவரிடம் பணம் இல்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. முதலில் சில வருஷம் நஷ்டம்தான். 1880-களின் நடுவில், பழங்காலத்தவர் தோண்டி விட்டுப்போன குழிகளுக்குக் கீழே இன்னும் ஆழமாகப் போனபோது வளமான படிவம் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகு தங்கவயல் திரும்பிப் பார்க்கவில்லை. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள்.

1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் இங்கே வந்தது. 140 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான கம்பி. அந்தக் காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்சாரம் போனது 1905-ல்தான். தலைநகரத்தை முந்திக்கொண்டு சுரங்கத்துக்கு விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு யார் வீட்டில் எரிந்தது என்பது அடுத்த கேள்வி. காரில் போனால் இது கண்ணில் படாது. சைக்கிளில் மெதுவாகப் போனால் ஊரின் அமைப்பே பதில் சொல்லிவிடும். ஒரு பக்கம் அதிகாரிகளின் பங்களாக்கள், தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். கொஞ்ச தூரம் மிதித்தால் லைன் வீடுகள், ஒரே அளவில் வரிசை வரிசையாக. ஆரம்பத்தில் அவை மூங்கில் தட்டிக் குடிசைகள். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து போனவர்கள் அவற்றில் இருந்தார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். ஊரில் பண்ணையார் நிலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு, மாதச் சம்பளமும் சாதி சொல்லிக் கூப்பிடாத ஒரு தெருவும் பெரிய விஷயம். அதற்காகத்தான் அந்தப் பாதாளத்தில் இறங்கினார்கள்.

பாதாளம் என்பது மிகை இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலேயுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அங்கே இதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அதில் தப்பியவர்களைப் பாறைத்தூசி மெல்லக் கொன்றது. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் அது. 1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

இவ்வளவு துன்பத்திலும் அந்த மக்கள் படித்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914-ல் மறைந்த பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926-லிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து தங்கவயலிலிருந்தே நடத்தினார். சுரங்கத் தொழிலாளிகள் காசு கொடுத்துப் படித்த பத்திரிகை அது. விஞ்ஞானத்திலும் தங்கவயலுக்கு இடம் உண்டு. 1965-ல் இங்கே 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். தங்கவயல் என்றால் சினிமா துப்பாக்கிச் சண்டை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

1956-ல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. இன்று அவர்களுடைய பிள்ளைகள் விடியற்காலையில் அதே மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள்.

மிஞ்சியது சயனைட் மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு கொட்டிய கழிவு. மொத்தம் 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். தூரத்திலிருந்து பார்த்தால் மழை அரித்த மணற்குன்று போல அழகாகத்தான் இருக்கிறது. சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வருவார்களாம். டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "காத்து அடிக்கிற மாசத்துல சோத்துப் பானைய மூடாம வைக்க முடியாது சார். கொடியில துணி காயப் போட்டா திரும்ப அலசணும்." அழகைப் பார்த்து நாம் போட்டோ எடுக்கிறோம், அவர்கள் அதையே சுவாசிக்கிறார்கள்.

இந்த இடத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கவயலுக்கு மேஸ்திரிகளாகவும் சுரங்க நிபுணர்களாகவும் வந்த வெள்ளைக்காரர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள். டெய்லர் நிறுவனத்தின் மூதாதையான ஜான் டெய்லர், 1820-களில் அங்கே தன் செம்புச் சுரங்கங்களுக்காக ரெட்ரூத்திலிருந்து கடற்கரை வரை ஒரு ரயில் பாதை போட வைத்தார். சுரங்கங்கள் மூடின, ரயிலும் நின்றது. அந்தத் தடத்தின் ஒரு பகுதி இப்போது டெவோரனிலிருந்து போர்ட்ரீத் வரை போகும் சைக்கிள் பாதையில் சேர்ந்திருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டர். அங்கேயும் மண்ணில் நஞ்சு உண்டு, ஆர்செனிக் தயாரித்த இடங்கள் வழியில் இருக்கின்றன. ஆனால் ஆபத்தான குழி வாய்களை மூடினார்கள். வௌவால் போய்வர வசதியாகச் சிலவற்றுக்கு இரும்பு வலைக்கூண்டு போட்டார்கள். பாதையைச் செப்பனிட்டார்கள். 2006-ல் கார்ன்வால் சுரங்கப் பகுதிகள் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறின.

ஒரே நிறுவனத்தின் கதைக்கு இரண்டு முனைகள். ஒரு முனையில் குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டுகிறார்கள். மறுமுனையில் சோற்றுப் பானையை மூடி வைக்கிறார்கள். இது விதியோ மண்ணின் குணமோ இல்லை. மூடிய பிறகு அந்த நிலத்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

2024-ல் இந்த 13 மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் மேட்டைக் கிளறும்போது தூசி யார் வீட்டுக்குள் போகும், தங்கம் எடுத்த பிறகு மிச்ச மண்ணை எங்கே கொட்டுவார்கள், செடி நட்டு மூடுவார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி நடந்தால், ஒரு நாள் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை நல்லதொரு சைக்கிள் பாதை வரலாம். அதில் வைக்கும் பலகைகளில் லவெல், டெய்லர் பெயர்களோடு, தட்டிக் குடிசையில் இருந்து இறங்கியவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.

போக விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுச் சாலையிலேயே போங்கள். சுரங்க எல்லைக்குள்ளும் மேட்டின் மீதும் ஏறாதீர்கள். மூடாத குழிகள் இருக்கலாம். கைக்குட்டையும் தண்ணீரும் அவசியம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது கோலாரில் வேலை பார்த்திருந்தால், அவர் பெயர், சொந்த ஊர், எந்தச் சுரங்கம் என்பதைக் கீழே எழுதுங்கள். எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பெயர்கள் கிடைக்காது.