சுவரிலிருந்து வளவுக்கு: வன்னி வயலூர்களில் நுளம்புத் தடுப்பின் வரலாறு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள முரசுமோட்டை, இரணைமடுக் குளத்து நீரில் நெல் விளைவிக்கும் ஊர். குளத்தை நம்பிக் குடியேற்றங்கள் எழுந்த காலத்தில் வன்னிக்கு வரத் தயங்கியவர்களின் அச்சம் காட்டு யானையோடு நிற்கவில்லை. காய்ச்சலும் அதில் இருந்தது. வன்னியின் நுளம்புத் தடுப்பு வரலாறு மலேரியாவில் தொடங்குவது இதனால்தான். டெங்கு இங்கே பிந்தி வந்த நோய். மலேரியாவுக்கென வளர்ந்த தடுப்பு முறை டெங்குக்கு ஏன் போதாமற் போனது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ். ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் தெளிந்த நீரில் அது பெருகும். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிய தென்மேற்குப் பகுதிகளிலேயே இழப்பு மிகுதி. ஆண்டுதோறும் காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த வறண்ட வலய மக்களிடையே அந்த அளவு சாவு நிகழவில்லை.

இந்நுளம்பு இரவில் வீட்டுக்குள் கடித்துவிட்டுச் சுவரில் தங்கும். 1946இல் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பு இந்தப் பழக்கத்தையே குறிவைத்தது. மருந்தடிப்பவர் வருவார், வீட்டுக்காரர் பாய் தலையணையை வெளியே எடுப்பார், சுவர் நனையும். அதற்கு மேல் குடும்பத்திடம் எதுவும் கேட்கப்படவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே பதிவாகினர். தெளிப்பு தளர்ந்தது, 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் டி.டி.டி.க்கு எதிர்ப்புப் பெற்ற நுளம்புக்கு மலத்தியோன் அடிக்க வேண்டியதாயிற்று.

போர் இந்த முறையைச் சிதைத்தது. 1995 இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வன்னிக்குள் வந்தவர்கள் மரநிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் தங்கினார்கள். மருந்தடிக்கச் சுவரே இல்லாத வாழ்க்கை அது. அக்காலத்தில் இடம்பெயர்ந்தோரைப் பீடித்த நோய்களில் மலேரியா முன்னின்றது. எனினும் 2000க்குப் பின் பரிசோதனை, சிகிச்சை, மருந்தூட்டிய நுளம்பு வலை ஆகியவற்றால் எண்ணிக்கை சரிந்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

இடையில் வைரசுகள் வேறு கதையை எழுதிக்கொண்டிருந்தன. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு, பன்றியிடமிருந்து மனிதருக்குக் கடத்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், 1980களின் நடுவில் அநுராதபுரப் பகுதியில் பரவியது. வயல் முழுவதற்கும் மருந்தடிப்பது நடவாத காரியம். 1988இலிருந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நெல்லூர்களுக்குப் பெரும் ஆபத்தாயிருந்திருக்கக்கூடிய நோய் ஊசியால் அடங்கியது. இந்த வெற்றியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

டெங்குக்கு அப்படியொரு ஊசி இங்கே வழக்கத்துக்கு வரவில்லை. 1962இல் இரத்தப் பரிசோதனையால் உறுதியான நோய், 1989இல் கொழும்புப் பக்கம் கடுமையாகி, 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அதைப் பரப்பும், பகலில் கடிக்கும் ஈடிஸ் எஜிப்டி நுளம்பு சிரட்டை, ரயர், யோகட் கோப்பை, நீர்த்தாங்கி என வளவுக்குள்ளேயே முட்டையிடும். முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும் சாகாது. வன்னியின் நீண்ட கோடை அதை அழிப்பதில்லை. காலபோக மழை தொட்டதும் குடம்பி வெளிவரும். கொழும்பில் ஆண்டின் நடுவில் உச்சம் தொடும் நோய், வடக்கில் மார்கழி, தை மாதங்களில் ஏறுவதற்கு இதுவும் காரணம்.

இதனால் பொறுப்பு மருந்தடிப்பவரிடமிருந்து வீட்டுக்காரரிடம் மாறியது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் நுளம்பு பெருக இடங்கொடுக்கும் வளவுக்காரரைக் குற்றவாளியாக்குகிறது. பொது சுகாதாரப் பரிசோதகர் வளவைப் பார்த்து எச்சரிப்பார். திருந்தாவிட்டால் நீதிமன்றம், தண்டம். நோய் கூடியதும் ஊர்மக்கள் கேட்பதோ புகையடிப்பு. பறக்கும் நுளம்பிற் சிலவற்றை மட்டுமே கொல்லும் அந்தப் புகை, நோயைக் காட்டிலும் முறைப்பாடுகளைத்தான் தணிக்கிறது என்பது என் கணிப்பு.

சட்டம் ஆளுள்ள வளவையே பிடிக்கும். மீள்குடியேற்றத்தின் பின்னும் வன்னியில் உரித்தாளர் திரும்பாத காணிகள் உண்டு. இடிந்த வீட்டின் மலசலகூடக் குழியையும் பாழ்கிணற்றையும் எவர் வந்து மூடுவது? சுண்டிக்குளக் கடனீரேரிப் பக்கத்து ஊர்கள் வேறொன்றையும் கருதவேண்டும். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் உள்ளிட்டோர் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஈடிஸ் குடம்பிகள் உவர் கலந்த நீரிலும் வளர்வதைக் காட்டியது. நன்னீரை மட்டும் தேடிப் பார்க்கும் பரிசோதனை அவற்றைத் தவறவிடும்.

2016 டிசம்பரில் மன்னாரிலும் அதன்பின் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்ட அனோபிலிஸ் ஸ்டீபென்சி இரு வரலாறுகளையும் ஒன்றாக்கிவிட்டது. இது மலேரியா நுளம்பு. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும், டெங்கு நுளம்பு பெருகும் வகையான இடங்களிலேயே பெருகுகிறது. மலேரியாத் தடை இயக்கம் கிணறுகளில் குடம்பி உண்ணும் மீன் விடுகிறது; தேசிய டெங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவு தொட்டிகளைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறது. ஒரே வளவுக்கு இரண்டு பட்டியலோடு இரண்டு தரப்பினர் போவதை விட, ஒருவரே கிணற்றையும் தொட்டியையும் பார்த்து இருவகைக் குடம்பியையும் பதிவதே வன்னியின் ஆள்பற்றாக்குறைக்கு ஏற்றது.