மயக்கத்துக்குள் ஒரு வெளிச்சம்

அபிராமபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஒருவருக்குக் குடல்வால் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வருகிறார். நோயாளி நினைவு இழக்கிறார். கத்தி பட்டதே தெரியாமல் கண் விழிக்கிறார். எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் டாக்டருக்கு அத்துபடி. ஆனால், அந்த மருந்து நினைவை எப்படி அணைக்கிறது என்று கேட்டால், அவரும் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார்.

1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரின் மகிமையை ஊரறியக் காட்டினார். மறு வருஷம் எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோபாரத்தைக் கொண்டு வந்தார். 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுப்பதற்காகக் குளோரோபாரத்தை முகர்ந்தவள், இறந்து போனாள். நின்றது இதயமா, மூச்சா? வைத்திய உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

இந்த வழக்கைத் தீர்க்க நம் நாட்டுச் சமஸ்தானம் ஒன்று முன்வந்தது. ஹைதராபாத்தில் ரெசிடென்சி சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி மூச்சுக் கட்சிக்காரர். மூச்சைக் கவனித்தால் போதும், ஆபத்தில்லை என்பது அவர் வாதம். நிஜாம் மஹபூப் அலிகானின் ஆதரவில் 1888-ல் ஒரு கமிஷன் கூடி அதையே சொல்லிற்று. லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகை நம்பவில்லை. உடனே நிஜாம் 1,000 பவுன் கொடுத்து, அங்கிருந்தே லாடர் பிரண்டன் என்ற நிபுணரை வரவழைத்தார். 1889-ல் நாய், குரங்கு, குதிரை, ஆடு என்று நானூறுக்கு மேற்பட்ட பிராணிகள் பரீட்சைக்கு உள்ளாயின. சந்தேகத்தோடு வந்த பிரண்டனும் லாரியின் கட்சியில் சேர்ந்தார்.

அத்தனை பாடுபட்டும் தீர்ப்பு தவறிவிட்டது. அரை மயக்கத்திலேயே குளோரோபாரம் இதயத்தைத் தடுமாற வைத்து நிறுத்திவிடக்கூடும் என்று 1911-ல் குட்மன் லெவி பூனைகளைக் கொண்டு காட்டினார். ஹைதராபாத்தில் எண்ணியது மூச்சையும் நாடியையும். மருந்து உடம்புக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்க அக்காலத்தில் வழியில்லை.

ஆலிவ் எண்ணெயில் எளிதாகக் கரையும் மருந்தே நன்றாக மயக்குகிறது என்று மேயரும் ஓவர்ட்டனும் இருபதாம் நூற்றாண்டின் வாசலில் கண்டார்கள். ஆகவே, உயிரணுவைச் சுற்றியுள்ள கொழுப்பில்தான் வேலை நடக்கிறது என்று பலர் நம்பினார்கள். 1984-ல் லண்டனில் பிராங்க்ஸ், லீப் என்ற இருவர் மின்மினிப் பூச்சியைத் துணைக்கு அழைத்தார்கள். அதன் ஒளியை உண்டாக்கும் புரதத்தில் கொழுப்பே கிடையாது. ஆனாலும் மயக்க மருந்து பட்டதும் அந்த ஒளி மங்கியது. மருந்து புரதத்தையே நேராகப் பற்றுகிறது என்ற எண்ணம் வலுத்தது.

அடுத்தபடி, மருந்தே ஒளிர்ந்தால்? 2009-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் ஒன்று-அமினோ ஆந்த்ரசீன். தவளைக் குஞ்சுகள் நீந்தும் தண்ணீரில் அதைக் கலந்தால் அவை அசைவற்றுப் போகும். நல்ல தண்ணீருக்கு மாற்றினால் மறுபடி நீந்தும். புரதத்தைப் பற்றும்போது இந்தப் பொருளின் ஒளி கூடுகிறது. மயங்கிக் கிடந்த குஞ்சுகளின் மூளையில் அந்த ஒளி தெரிந்தது.

மூளைக்குள் ஒளிரும் அந்தப் பொட்டு, நினைவு எப்படி அணைகிறது என்ற கேள்வியை முற்றும் தீர்த்துவிடவில்லை. ஆனால் நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்தும் வாங்க முடியாத ஒன்றை அது தந்தது: மருந்து போய்ச் சேர்ந்த இடத்தைக் கண்ணால் காணும் பாக்கியம்.