பன்சிட்: கிடைத்ததை வைத்துச் செய்த நூடுல்ஸின் வரலாறு

பூண்டும் வெங்காயமும் வதக்கி, இறைச்சியோ இறாலோ சேர்த்து, காய்கறியோடு புரட்டி எடுக்கும் நூடுல்ஸைப் பிலிப்பைன்ஸில் பன்சிட் என்கிறார்கள். தென்சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்த உணவு இது. 1571-இல் ஸ்பானியர் மணிலாவைத் தலைநகராக்கியபின் பட்டு வாணிபம் பெருகியது, சீனர் குடியிருப்பும் விரிந்தது. கிறிஸ்தவம் தழுவிய சீனர்களுக்கென்று 1594-இல் பினோண்டோ உருவானது.

கோதுமை பிலிப்பைன்ஸ் தீவுகளின் பயிர் அல்ல. கோதுமையில் செய்யும் ‘மீகி’க்கு மாவு கடல் கடந்து வரவேண்டும். அரிசியில் பிழியும் ‘பீஹோன்’, உலர்த்திய சேவை போன்றது, உள்ளூர் விளைச்சலிலேயே கிடைத்துவிடும். ஊருக்கு ஊர் பன்சிட் மாறியதற்கு இதுவே முதல் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்கள் இதைத் தெருவில் சுமந்து விற்றார்கள். சமைக்க நேரமில்லாத சுருட்டு ஆலைப் பெண்கள் நல்ல வாடிக்கையாளர்கள். பிறகு ‘பன்சிட்டேரியா’ என்ற சாப்பாட்டுக் கடைகள் வந்தன. அங்கே உணவுப் பெயர்கள் ஸ்பானிய மொழியில் இருந்தன. வறுத்த சோறுகூட ‘மோரிஸ்கேத்தா தோஸ்தாதா’தான். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசாலின் 1891 நாவலான ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’வில் மாணவர்கள் அப்படியொரு கடையில் கூடி, ஒவ்வொரு உணவையும் அதிகாரத்தில் இருப்போருக்குக் கேலியாகச் சமர்ப்பிக்கிறார்கள்.

மணிலா விரிகுடாவை ஒட்டிய மீனவர் ஊர் மலபோன். அங்கே தடித்த அரிசி நூடுல்ஸின்மேல் இறால், சிப்பி, கணவாய், புகையூட்டிய மீனின் தூள், வேகவைத்த முட்டை எல்லாம் ஏறும். அதன் செம்மஞ்சள் நிறம் ‘அச்சுவேத்தே’ விதையுடையது. அந்தச் செடி மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களின் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. சீன நூடுல்ஸ், மெக்சிகோ நிறம், உள்ளூர் மீன் என்று ஒரே தட்டில் மூன்று வரலாறு. லுக்பான் ஊரில் வாழையிலைத் துண்டில் வைத்துக் காடி தெளித்து, கரண்டி இல்லாமல் இலையோடு வாய்க்குக் கொண்டுபோவார்கள். கவித்தே மாகாணத்தின் தன்ஸாவில் நூடுல்ஸே கிடையாது, பாசிப்பயறு முளைதான். இவற்றில் ஒன்று அசல், மற்றவை நகல் என்று பிரிப்பது தவறு. கிடைத்ததை ஏற்றுக்கொண்டதால்தான் இந்த உணவு வாழ்ந்திருக்கிறது.

நீண்ட நூடுல்ஸ் நீண்ட ஆயுளைத் தரும் என்ற சீன நம்பிக்கையும் கூடவே வந்தது. அதனால் பிறந்தநாளுக்குப் பன்சிட் கட்டாயம், இழைகளை ஒடிக்கமாட்டார்கள். இந்தக் கட்டாயம்தான் வெளிநாட்டு அடுக்களைகளில் மாற்றுவழிகளைத் தேடவைத்தது. 1906-இல் முதல் பிலிப்பினோ கூலித்தொழிலாளர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1974-இன் தொழிலாளர் சட்டத்துக்குப்பின் அரசே வெளிநாட்டு வேலையை ஊக்குவிக்க, வளைகுடா நாடுகளுக்கும் பலர் போனார்கள். பன்றி இறைச்சிக்குத் தடையுள்ள சவுதியில் கோழியோ இறாலோ அதன் இடத்தைப் பிடித்தது. பன்சிட்டில் பிழியும் கலமான்சி என்ற சிறு புளிப்புப் பழம் கிடைக்காத ஊரில் எலுமிச்சை பிழியப்பட்டது. மீகி கிடைக்காதபோது மெல்லிய ஸ்பகெட்டி கைகொடுத்தது.

மாற்றுப் பொருளுக்கு ஏற்பச் செய்முறையும் மாறவேண்டும். பீஹோனைத் தண்ணீரில் சற்றே ஊறவிட்டு, சோயா சாஸ் கலந்த கொதிக்கும் இறைச்சி ரசத்தில் போட்டால் அந்த ரசம் முழுவதையும் உறிஞ்சிக்கொள்ளும். சுவை ஏறுவது அப்போதுதான். ரசம் கூடினால் குழைந்துவிடும். ஸ்பகெட்டி அவ்வளவு உறிஞ்சாது. அதனால் அதைத் தனியே முக்கால்பதம் வேகவைத்து, குறைந்த ரசத்தில் புரட்டவேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் எந்த நாட்டுச் சந்தையிலும் கிடைக்கும். முதலில் வதக்கி எடுத்து வைத்து, நூடுல்ஸ் வெந்தபின் சேர்த்தால் மொறுமொறுப்புக் கெடாது. எலுமிச்சையை அடுப்பில் பிழியக்கூடாது; ஒவ்வொருவரும் தட்டில் பிழிந்துகொள்வதே வழக்கம்.