குற்றம் புரிந்தோரும் பொதுப்பதவியும்

பொதுக்காரியம் ஏற்பார்க்கு எத்தகுதி வேண்டும் என்பது ஒரு வினா. எவர் அதனை ஏற்றலாகாது என்பது மற்றொரு வினா. முன்னையதைப் பேசுவார் பலர். பின்னையதை ஆராய்வார் சிலரே. குற்றவாளியெனத் தண்டிக்கப்பெற்ற ஒருவர் மக்கட்பிரதிநிதியாதல் தகுமோ என்பது பற்றிச் சரித்திரம் காட்டுவனவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேம்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. முன்னது கி. பி. 919-இலும், பின்னது 921-இலும் வெட்டப்பெற்றவை. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. இறைநிலம், சொந்த மனை, கல்வி, வயது என்னுந் தகுதிகளோடு, விலக்கப்படுவோரும் அங்கே விரித்துரைக்கப்படுகின்றனர். பிறர் பொருளைக் கவர்ந்தவர் விலக்கப்பட்டார். பெரும்பாதகம் புரிந்தார் விலக்கப்பட்டார். பிராயச்சித்தத்தால் தூய்மையடைந்தாருள்ளும் சிலர் வாழ்நாள் முழுதும் விலக்கப்பட்டார். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். தீயோர் கெட்டு நல்லோர் ஓங்குதலே இதன் நோக்கமென அக்கல்வெட்டே உரைக்கின்றது.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. அஃது ஒரு பிரமதேய ஊர்ச்சபை. நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கன்றி ஏனையோர்க்கு அங்கே இடமில்லை, பெண்டிர்க்கும் இல்லை. மேலும், தான் செய்யாத பிழைக்கு மருமகனைத் தள்ளுதல் இக்காலத்து நீதிக்கு ஒவ்வாது. ஆயினும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவனைக் கள்வனோடு ஒருங்கெண்ணிய அவர்தம் துணிவு வியக்கற்பாலது.

இனி, அமெரிக்க நாட்டை நோக்குவோம். 1787-இல் வகுக்கப்பெற்ற அதன் அரசியற் சட்டம், அதிபராவார்க்குப் பிறப்பாற் குடியுரிமையும், 35 வயதும், 14 ஆண்டு வாசமும் வேண்டும் என்றதேயன்றித் தண்டனை பெற்றாரைத் தடுக்கவில்லை. யூஜின் டெப்ஸ் என்னுந் தொழிலாளர் தலைவர், முதல் உலகப் போரை எதிர்த்து 1918-இல் ஓஹாயோ மாகாணத்துக் கான்டனிற் பேசிய பேச்சுக்காகப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பெற்றார். 1920-இல் அட்லாண்டாச் சிறையிலிருந்தே அதிபர் பதவிக்கு நின்று ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுக்களிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பெற்ற டொனால்ட் டிரம்ப், அவ்வாண்டு நவம்பரில் வெற்றியே பெற்றார். பேசியதற்காகச் சிறைப்பட்டவர்க்கும், வணிகக் கணக்கிற் பொய்யெழுதியதாகத் தீர்ப்புப் பெற்றவர்க்கும் திறந்த வாயில் ஒன்றே.

நம் நாட்டுச் சட்டம் இடைப்பட்ட வழியது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, பொதுவாக இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலத்தும், விடுதலைக்குப் பின் ஆறாண்டும் தேர்தலில் நிற்றலாகாது. பதவியிலிருப்பார் மட்டும் மேல்முறையீடு செய்து இடத்தைக் காத்துக்கொள்ள ஒரு விலக்கு இருந்தது. 2013 ஜூலை 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் அதனை நீக்கிற்று.

மக்கள் விரும்பின் சட்டம் வழிவிடுமோ என்னும் ஐயமும் 2001-இல் எழுந்தது. தண்டனை பெற்று வேட்புமனு தள்ளப்பெற்ற ஜெ. ஜெயலலிதா, தம் கட்சி வென்றமையால் முதலமைச்சரானார். அந்நியமனம் செல்லாதென அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை அவ்வழக்கினின்று விடுவிக்கவே, 2002-இல் மீண்டும் பதவியேற்றார்.

இவற்றால் நாம் அறியத்தக்கன யாவை? தடையே இல்லையெனிற் பொதுப்பொருள் கள்வர் கைப்படும். தடை மிகுமெனின், ஆள்வோர் தம்மை எதிர்ப்பாரைச் சிறையிலிட்டே களத்தினின்று அகற்றுவர். டெப்ஸ் பெற்ற தண்டனை அதற்குச் சான்று. ஆதலின், தடை வேண்டும். அதற்கு எல்லையும் வேண்டும். மேல்முறையீடு விரைந்து முடிதல் அவற்றினும் வேண்டும். காலந்தாழ்ந்த நீதி குற்றவாளிக்குக் காப்பாகும், குற்றமற்றவர்க்குத் தண்டனையாகும்.

சட்டம் தடுப்பது பெரும்பாலும் தண்டனை பெற்றாரையே. கணக்குக் காட்டாதவரைத் தடுக்கும் ஓலை இன்று வாக்காளர் கையிலுள்ளது. சங்கமாயினும் சட்டசபையாயினும், அவ்வோலையில் எப்பெயரை எழுதுதல் தகும் என்பதை நம்மனோர் உறவு பாராது சிந்திப்பாராக.