பஞ்சாரத்துக்கும் ஒரு வரலாறு

கணியூரில் அம்மாவின் பஞ்சாரம் ஒரே வாரத்தில் காலியான கோடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோழிகள் வெள்ளையும் பச்சையுமாய்க் கழிந்து, கழுத்து திருகி, ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. 'சீக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

அந்தச் சீக்குக்கும் வரலாறு உண்டு. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட நோய், ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையூரான ராணிக்கேத்தில் பதிவாகி, இந்தியாவில் அவ்வூரின் பெயரையே பெற்றது. 1940களில் அருகிலுள்ள முக்தேசுவர் ஆய்வுக்கூடத்தில் தடுப்பூசியும் உருவாயிற்று.

எனினும் அது புறக்கடைக்கு எளிதில் வந்து சேரவில்லை. மருந்தைக் குளிர்ச்சியில் காக்கவேண்டும்; கலந்த குப்பியை ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு. நம் வீடுகளிலோ ஐந்தாறு.

பெண்களிடம் வேறு அறிவு இருந்தது. அடைவைத்த ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பார்த்துக் கூமுட்டையைக் கழிப்பார்கள். பேனுக்கு வேப்பிலை இடுவார்கள். கீரிக்கும் பருந்துக்கும் தப்பப் பஞ்சாரம் கவிழ்ப்பார்கள். இவை வேலியோரப் பேச்சில் கைமாறியவை. 'சீக்கு வருமுன் சந்தையில் தள்ளிவிடு' என்பதும் அப்படிக் கைமாறியதுதான். ஒரு வீட்டைக் காத்த அந்த யோசனை அடுத்த ஊருக்கு நோயைச் சுமந்து சென்றது.

இன்று மாலையில் பத்து வீட்டுக் கோழிகளையும் அடைத்துவைத்து, மறுநாள் விடியலில் ஒரே குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்குத் தேவையானது அதே வேலியோரப் பேச்சுதான்.