சிலம்பும் பத்து ரூபாயும்



எதிரணித் தலைவர் பேசினார். மைக் அலறியது. (சிரிப்பு) சத்தம் போட்டால் அது வாதம் ஆகிவிடுமா ஐயா? வாதத்துக்கு இலக்கணம் சொல்லும் காப்பியம் நம்மிடம் இருக்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, 29ஆவது காதை. காஞ்சியிலே அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நெறியைச் சொல்லிக் கொடுக்கிறார்.

மலையில் நெருப்பு இருக்கிறது என்கிறோம். இது பக்கம்; நாம் நிலைநாட்ட வேண்டிய கருத்து. ஏன்? புகை தெரிகிறதே! இது ஏது, காரணம். வேறு எங்கே அப்படிக் கண்டீர்? எங்க வீட்டு அடுப்படியிலே! (சிரிப்பு) இது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. உபநயம், நிகமனம் என்று இன்னும் இரண்டு உண்டு. அவை திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்கிறார் அடிகள்.

அத்தோடு விட்டாரா? போலிகளையும் எண்ணிக் காட்டுகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. ஆக, தப்பாகப் பேச 33 வழி! (கைதட்டல்) அதிலே ஒரு வகைக்கு அநைகாந்திகம் என்று பெயர். நாம் காட்டும் காரணம் நம் கட்சிக்கும் பொருந்தும், எதிர்க்கட்சிக்கும் பொருந்தும் என்றால், அது எதையுமே நிரூபிக்காது.

இப்போ மதுரைக்கு வாங்க. அரசியின் சிலம்பைக் காணோம். கோவலன் கையில் அதேபோல ஒரு சிலம்பு. பொற்கொல்லன் சொன்னான்: ‘இவன்தான் கள்வன்.’ யோசித்துப் பாருங்கள். திருடன் கையிலும் அப்படி ஒரு சிலம்பு இருக்கலாம். சொந்தக்காரன் கையிலும் இருக்கலாம். அநைகாந்திகம்! விசாரிக்காத பாண்டியன் அந்த ஓட்டைக் காரணத்தை நம்பினான். ஓர் உயிர் போயிற்று.

சிலப்பதிகாரத்தின் 20ஆவது காதை, வழக்குரை காதை. கண்ணகி அழுதாள், சினந்தாள்; எல்லாம் உண்மை. ஆனால் வழக்கை வென்றது கண்ணீர் அல்ல. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான் மன்னன். உடைக்கும் முன்பே இருவரும் தத்தம் சொல்லால் கட்டுப்பட்டுவிட்டார்கள். பிறகுதான் உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. எதிரணிக்கும் பொருந்துகிற சான்று அல்ல அது. கண்ணகிக்கு மட்டுமே பொருந்துகிற சான்று!

இதை வகுப்பிலே நான் பல வருஷம் நடத்தினவன். ஒருநாள் என் சட்டைப்பையில் பத்து ரூபாயைக் காணோம். என் மகன் கையில் பத்து ரூபாய். ‘ஏதுடா?’ என்று கேட்கவில்லை. கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவன் வாயே திறக்கவில்லை. என் அம்மாதான் உள்ளே இருந்து வந்தாள். “நான்தான்டா கொடுத்தேன், பேனா வாங்கிக்கச் சொல்லி. டாக்டர் பட்டம் வாங்கினியே, ஒரு வார்த்தை கேட்டியா?” (அமைதி)

பாண்டியன் தன் பிழை தெரிந்த கணமே, தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டான். எனக்கு என் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் ஆயிற்று.

அதனால் சொல்கிறேன் நடுவர் அவர்களே, வாதத்தின் முதல் படி பேசுவது அல்ல, கேட்பது. கடைசிப் படி ஜெயிப்பது அல்ல, தப்பு என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வது. (பலத்த கைதட்டல்)