இறுதிக்காலச் சிகிச்சை: விருப்பத்தை முன்னரே எழுதி வைப்போம்

சுன்னாகத்திலும் அதனை அண்டிய கிராமங்களிலும் வாழும் முதியோர் பலரின் பிள்ளைகள் இன்று ஓரிடத்தில் இல்லை. ஒருவர் தாயுடன் இருப்பார். ஏனையோர் கனடாவிலும் இலண்டனிலும் இருப்பர். தாயார் நினைவிழந்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கையில், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா என்ற கேள்வி எழுகின்றது. அருகிலிருப்பவர் ஒன்றைக் கூற, தொலைபேசியில் இருப்போர் வேறொன்றைக் கூறுகின்றனர். தாயாரின் விருப்பம் யாதென்பது மட்டும் எவருக்கும் தெரிவதில்லை. காணியும் வீடும் யாருக்கு என்பதை எழுதி வைக்கும் நாம், இதுபற்றி ஒரு வரியேனும் எழுதி வைப்பதில்லை.

இதனால் விளையும் சிக்கலுக்கு அயல்நாடான இந்தியாவின் வழக்கொன்று சான்றாகும். மும்பையில் தாதியாகக் கடமையாற்றிய அருணா ஷான்பாக் 1973 இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு, 40 வருடங்களுக்கு மேல் உணர்விழந்த நிலையில் கிடந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்துமாறு பத்திரிகையாளர் பிங்கி விராணி மனுச் செய்தார். அவரைப் பராமரித்த வைத்தியசாலை ஊழியர்கள் எதிர்த்தனர். உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 இல் மனுவை நிராகரித்தது. 2015 இல் அவர் காலமானார். இரு தரப்பினரும் அவர்மீது அன்பு கொண்டவர்களே. ஆனால் அவருடைய சொல் எங்கும் எழுத்தில் இருக்கவில்லை.

2018 மார்ச் 9 இல் அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, ஒருவர் தமது இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதை அங்கீகரித்தது. 2023 இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, இரு சாட்சிகளும் நொத்தாரிஸ் ஒருவரின் அத்தாட்சியும் போதுமெனப்பட்டது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் 1996 இலேயே இதற்குச் சட்டமியற்றி விட்டது.

இது கருணைக்கொலையன்று. மருந்தேற்றி உயிரைப் போக்குவது வேறு. பயன் தராத சிகிச்சையைத் தவிர்த்து, வலியைத் தணித்து, இயற்கையான முடிவுக்கு இடமளிப்பது வேறு. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, மூளையின் செயற்பாடு முற்றாகவும் மீளாதவாறும் நின்றுவிட்டதென வைத்திய நிபுணர்கள் முடிவு செய்யுமிடத்து உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம் எனத் தீர்மானித்தது. ஏனைய நிலைமைகள் குறித்து முஸ்லிம் வாசகர்கள் உலமாக்களிடம் தெளிவு பெற்று எழுதுவது நன்று. வஸிய்யத் எழுதும் மரபுடைய சமூகத்திற்கு இது அந்நியமானதன்று.

இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. எனவே இத்தகைய பத்திரம் வைத்தியரைக் கட்டுப்படுத்தும் எனக் கருதலாகாது. ஆயினும் வைத்தியருக்கும் குடும்பத்தினருக்கும் அது வழிகாட்டும். இதனை மரண சாசனத்தினுள் எழுதுவதிற் பயனில்லை; அது மரணத்தின் பின்னரே செயலுக்கு வருவது.

தனித்தாளில், தெளிந்த அறிவுடன் இருக்கும்போதே எழுதுதல் வேண்டும். குணமடையும் வாய்ப்பு அற்ற நிலையில் செயற்கைச் சுவாசம், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முயற்சி, குழாய்வழி உணவு ஆகியவற்றுள் எவை வேண்டும், எவை வேண்டாம். வலிநிவாரணம் தொடர வேண்டும் என்பது. நமக்காகப் பேச வேண்டியவர் யார். இறுதி நாட்களை வீட்டில் கழிக்க விருப்பமா. சமயக் கடமைகள் எவை என்பன அதில் இடம்பெறலாம். திகதியிட்டு, நமது சொத்தில் உரித்தற்ற இருவர் முன்னிலையில் ஒப்பமிடுவது சிறந்தது. பிரதிகள் பிள்ளைகள் அனைவரிடமும் குடும்ப வைத்தியரிடமும் இருக்கட்டும். மனம் மாறினால் எப்போதும் மாற்றி எழுதலாம்.

அரசு இதற்கான சட்டத்தை இயற்ற வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர் இன்று எழுதும் ஒரு தாள், நாளை வைத்தியசாலை வாசலில் நிற்கப்போகும் பிள்ளையைப் பழிச்சொல்லிலிருந்தும் வாழ்நாள் முழுவதுமான குற்றவுணர்விலிருந்தும் காக்கும்.